அவர் பணிக்குத் திரும்பும் வரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், சாப்பாடு இறங்குகிறது, தூக்கம்தான் முன்னே பின்னே. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான், டாக்டர் படி ஏறாதே என்றதற்கு மாடியில் காயும் துணியை யார் எடுப்பார் என்று அவரையே கேட்டுவிட்டு வந்தாள். குளியலறைக் குழாயை மாற்றிவிட்டேன், ஊருக்கே தண்ணீர் விடுகிறவன் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று உன் சித்தி இனிமேல் கேலி செய்ய முடியாது.

அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் கேட்டாய், அம்மா பக்கத்தில் இருந்ததால் ஒன்றுமில்லை என்றேன். மீசை மாமாவை உனக்கு நினைவிருக்கும், பம்ப் ஹவுஸில் எனக்கு மேலே சூப்பர்வைசர், சின்ன வயதில் உன்னைத் தூக்கி வால்வுச் சக்கரத்தின் மேல் உட்காரவைப்பார். மழைக்காலம் தொடங்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் விடுப்பில் இருக்கும்வரை அவர் வேலையையும் நான் பார்க்கவேண்டும், அதற்குப் பொறுப்புப்படி என்று சம்பளத்தோடு கொஞ்சம் சேர்த்துத் தருவார்கள் என்று உத்தரவு வந்தது, ‘அவர் பணிக்குத் திரும்பும் வரை’ என்று அதில் போட்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன், அந்தப் பணத்தில்தான் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கினேன்.

வேலை எனக்குப் புதிதில்லை, எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, குளோரின் எவ்வளவு, எல்லாம் அவர் பக்கத்தில் நின்று பழகியதுதான். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மேஜைக்கு அடியில் அவருடைய ரப்பர் செருப்பு கிடந்தது, பூட்ஸை மாட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போன மனுஷன் இதோ வந்துவிடுவார் என்பதுபோல. பெருக்குகிற அம்மாள் அதைச் சுற்றியே பெருக்கினாள், நானும் எடுக்கச் சொல்லவில்லை. வால்வைத் திருப்பும் முன் அவருக்கு ஒரு செருமல் உண்டு. ஒரு காலையில் பெரிய வால்வில் கை வைத்தபோது அந்தச் செருமல் கேட்டது, திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை, செருமியது நான்தான். வீட்டில் கதவைத் திறக்கும் முன்னாலும் செருமுகிறேனாம், அம்மா சொன்னாள்.

மீசை மாமா வீடு பம்ப் ஹவுஸ் பின்சுவரை ஒட்டிய தெரு. அவர் மனைவி, அண்ணி, ஒருநாள் வந்து, மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அவர் கட்டிலில் கிடந்து தவிக்கிறார், நீங்கள் நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் மனசு ஆறும் என்று கூப்பிட்டார். மாலையில் போனேன். வாய் துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று மீசையை எடுத்துவிட்டிருந்தார்கள், ஒரு கணம் வேறு யாரோ படுத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லா மோட்டாரும் நல்லா ஓடுதுண்ணே. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, இனிமே எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்” என்றேன். வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு கையை என் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

நான் வந்து சொன்ன பிறகுதான் நிம்மதியாகப் போனார் என்று அண்ணி எல்லாரிடமும் சொல்கிறார். நிம்மதியானவர் கையை அப்படி உருவமாட்டார் மகளே, எனக்குத் தெரியும். அந்த ‘இனிமே’ எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை, முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

அடக்கம் எல்லாம் முடிந்து அடுத்த மாதமும் பொறுப்புப்படி வந்தது. சம்பளப் பிரிவில் போய்க் கேட்டேன். அவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டால்தான் இந்த உத்தரவு முடியும், அதுவரை உங்கள் காட்டில் மழை என்று குமாஸ்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஸ்டூலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், முதுகுப்பக்கம் வாசல் இருந்தால் வேலை ஓடவில்லை. இதற்குள் அண்ணியின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் நின்றுபோயிருந்தது, ஒரு காகிதத்தில் விடுப்பில் இருப்பவர் இன்னொரு காகிதத்தில் எப்படி இறந்தவர் ஆவார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அம்மாவிடம் சொன்னேன், அந்தப் பணம் நம் வீட்டுக்குள் வரவே வேண்டாம் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். இன்ஜினியரைப் பார்த்து, அவர் இறந்த நாளோடு என் பொறுப்புப்படியை நிறுத்துங்கள், வந்ததையும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். நிறுத்தினார்கள். புது ஆள் வரும்வரை வேலையை மட்டும் தொடர்ந்து பாருங்கள் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன், பணம் நின்றால் மனசின் உறுத்தலும் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

ஓய்வூதியம் கிடைத்த சேதி சொல்ல அண்ணி பம்ப் ஹவுஸுக்கு வந்தார், செருப்பைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, ரெண்டாம் நம்பர் மோட்டாரை எப்போதும் அவர்தானே போடுவார், இப்போது யார் போட்டது என்று கேட்டார். அது பழுதாகி, கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியாகிவிட்டது என்று சொல்லி, தரையில் போல்ட்டு மட்டும் நிற்கிற வெற்று மேடையைக் காட்டினேன். “ஓடுதே தம்பி. வீட்டுலயும் எனக்குக் கேக்குது” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை அண்ணி என்றேன், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கும் கேட்டது. இன்று காலையும் கேட்டது. இதைப் பற்றி அம்மாவிடம் போனில் பேசிவிடாதே.

குட்டிப்பெண்ணுக்கு என் முத்தம், மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்கவேண்டும். உன் ஆபீஸில் ஒருத்திக்கு ஆபரேஷன், அவள் வேலையும் உன் தலையில், அதற்குக் கூடுதலாகத் தருகிறார்கள் என்று சொன்னாயே, செய், கஷ்டப்பட்டுச் செய்கிற வேலைக்குத்தானே தருகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போகும்போது மறக்காமல் ஒன்று செய். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, நீ இல்லாமல் முடியவில்லை, எப்போது வரப்போகிறாய் என்று கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா