விழாது என்றும் தெரியாது

மார்ச் 3, செவ்வாய்

கைதட்டினார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத் தூண்கள் இரண்டில் உள்ளே இருக்கும் கம்பிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, பழுது பார்த்து முடிக்கும்வரை எல்லாரும் வெளியேறுங்கள் என்று சொல்லத்தான் போனேன். வரைபடம் காட்டினேன், எண்களை விளக்கினேன். கடைசியில் சங்கத் தலைவர், "நேராச் சொல்லுங்க மேடம், நாளைக்கே இடிஞ்சிடுமா?" என்றார். "உடனடி ஆபத்து இருக்குன்னு உறுதியாச் சொல்ல முடியாது," என்றேன். கட்டடப் பொறியாளர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமில்லை. அவர்களோ ஆபத்தில்லை என்று எடுத்துக்கொண்டு, கைதட்டிவிட்டு நிம்மதியாகக் கலைந்து போனார்கள்.

காலி செய்யச் சொல்லி உத்தரவு போட எங்கள் நிறுவனத்துக்கு அதிகாரம் கிடையாது. அவர்களாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 4, புதன்

மேலாளர் கூப்பிட்டார். "நீங்க சொன்னது சரி. ஆனா யாருக்கும் போய்ச் சேரலையே."

மனிதர்களோடு பேசிப் பழக, சனிக்கிழமை நாடகப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். வசனமே எழுதி வைக்காத நாடகம். அங்கேயே யோசித்து அங்கேயே பேச வேண்டும். அங்கே தூண் துருப்பிடிக்கிறது, இங்கே நான் கூத்தடிக்கப் போகிறேன்.

மார்ச் 7, சனி

மானம் போயிற்று.

என் ஜோடி ஒரு நர்ஸ். எதிராளி என்ன சொன்னாலும் "ஆமா" என்று ஏற்றுக்கொண்டு, "அதோட" என்று நாம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர், "ஐயோ, நம்ம படகுல ஓட்டை," என்றார். நான், "எத்தனை மில்லிமீட்டர்?" என்றேன். அறையே சிரித்தது. பயிற்சி தருகிற நடிகர் மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க பயந்துபோய்ச் சொல்றாங்க. நீங்க ஓட்டையை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்க."

மார்ச் 10, செவ்வாய்

வேலை ஓடவில்லை. அந்தத் தூண்களில் ஒன்றை ஒட்டித்தான் தையல்காரம்மா ஒருவரின் வீடு. மிஷினைத் தூணோடு சேர்த்தே போட்டிருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால்? கைதட்டல்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

வீட்டில் இவரோடு பழகிப் பார்த்தேன். "குழாய் ஒழுகுதுங்க," என்றேன். "ஆமா, ஒழுகுது. அதோட, பிளம்பருக்கு நீயே போன் பண்ணப்போற," என்கிறார். ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மார்ச் 14, சனி

இன்று வேறு விளையாட்டு. எதிராளி கடைசியாகச் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் நாம் பேச்சைத் தொடங்க வேண்டும். அவர் முடிக்கும்வரை பதிலைத் தயார் செய்ய வழியே இல்லை. அப்போதுதான் உறைத்தது — கூட்டத்தில் அவர்கள் பேசியபோதெல்லாம் நான் பதிலைத்தான் கோத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் முகம்கூட ஞாபகத்தில் இல்லை.

நாளை மறுபடி கூட்டம்.

மார்ச் 15, ஞாயிறு

வரைபடம் எதையும் எடுத்துப் போகவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

தையல்காரம்மா எழுந்தார். "இத்தனை வருஷமா நின்ன கட்டடம்மா இது. எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு எங்க போறது? என்னைத் தேடி வர்றவங்க வேற கடைக்குப் போயிடுவாங்க."

ஈரப்பதம், துரு என்று ஏதோ வாய்வரை வந்தது. விழுங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாம்மா, போயிடுவாங்க. நீங்க பயப்படறது நியாயம்தான். அதோட, இதையும் சொல்லிடறேன். விழும்னு எனக்குத் தெரியாது. விழாதுன்னும் தெரியாது. ஆனா என் பொண்ணை அந்தத் தூண் பக்கத்துல ஒரு நாள்கூடப் படுக்க விடமாட்டேன்."

நான் மேற்கொண்டு எதையும் சேர்க்கவில்லை. அதுதான் பெரும்பாடாக இருந்தது. பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எப்பக் காலி பண்ணணும்?" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

எல்லாரும் போயாயிற்று, தையல்காரம்மாவைத் தவிர. கையில் இருக்கும் துணியைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாராம். போன் அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது.

மார்ச் 24, செவ்வாய்

நேரிலேயே போனேன். "ஆமாம்மா, தைச்சுக் குடுத்துத்தான் ஆகணும். அதோட, மிஷினை இன்னிக்கே நீங்க போகப்போற வீட்டுக்கு மாத்திட்டா அங்க உக்காந்தே முடிச்சிடலாமே."

"நீ விடமாட்ட போல," என்றார். மிஷினின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். புது வீட்டில் இறக்கி வைத்தபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மார்ச் 27, வெள்ளி

காலையில் குடியிருப்புக் காவலாளி போன் செய்தார். தரைத்தளத்தில் தூண் நொறுங்கி, தையல்காரம்மா வீட்டுக் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டதாம்.

"உள்ள யாரு?" என்றேன்.

"யாருமில்ல மேடம். எல்லாரும்தான் போயிட்டாங்களே."

சரி என்றேன். போனை வைக்கத் தோன்றாமல் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.