கோ அண்ணே நீ

என் ஆசை அண்ணனுக்கு,

நேற்று சாயங்காலம் உன் மகள் கயல் செல்போனில் ஒரு வீடியோ போட்டாள். சின்ன வயதில் குவார்ட்டர்ஸ் டிவியில் கேசட் செருகி விளையாடுவோமே, சுரங்கத்துக்குள் ஒருவன் விளக்கோடு ஓடுவானே, அந்த கேமை உருவாக்கிய ஜப்பான் கம்பெனியின் கதை அது.

அவர்களெல்லாம் கோட்டு சூட்டு போட்ட பெரிய ஆட்கள் என்று அளப்பாயே! அடக் கடவுளே, நம்மைப்போல மைன்ஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் அண்ணே. நிலக்கரிச் சுரங்கத்தை மூடியதும் அவர்கள் ஊரே காலியாகிவிட்டது. சிநேகிதர்கள் சிலர் சேர்ந்து சுரங்கத்தின் பழைய கேன்டீனை வாடகைக்குப் பிடித்துக் கம்ப்யூட்டரை இறக்கினார்களாம். முதலில் செய்த கேம்களை நாய்கூடச் சீந்தவில்லை. சுரங்க கேம்தான் தூக்கி நிறுத்தியது. அப்புறம் ஒரு பெரிய கம்பெனி வாங்கி, கொஞ்ச காலத்தில் இழுத்து மூடிவிட்டது. ஆரம்பித்தவர்களில் ஒருவர், இப்போது கிழவர், அந்தக் கேன்டீன் வாசலில் நின்று பேசினார்.

ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்போது ஒரு பெண்குரல் கரகரவென்று கத்துமே? நம் காதில் அது 'கோ அண்ணே நீ' என்று விழுந்தது. 'கோ' இங்கிலீஷ், மீதி தமிழ். டவுன்ஷிப்பில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்! ஜப்பான்காரிக்கு எப்படித் தமிழ் தெரியும் என்று ஒரு நொடியாவது யோசித்தோமா? நீ மைன்ஸில் பர்மனென்ட் ஆன பிறகும், ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து நான் அதைத்தான் கத்துவேன். "சரி தாயே, போய்ட்டு வரேன்" என்று வண்டியை உதைப்பாய்.

அது 'கோ அன்சென் நி'யாம் அண்ணே. சுரங்கத்தில் இறங்குகிறவர்களிடம் சொல்கிற வார்த்தையாம். பத்திரமாகப் போய் வா என்று அர்த்தமாம். கேமில் கேட்டது அந்தக் கிழவருடைய அம்மாவின் குரல். அவர் அப்பா வேலைக்குப் போகும்போது அந்த அம்மா சொல்லி அனுப்பியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே உன்னை வாழ்த்தி அனுப்பியிருக்கிறேனே! மைன்ஸில் உன்மேல் ஒரு கீறல் விழவில்லை. வார லீவன்று, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் நாற்காலியிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டாய். லீவு நாளில் அதை யார் சொல்வார்கள்? பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

உனக்கு ஒரு சேதி. கயலுக்கு மைன்ஸில் அப்ரண்டிஸ் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்குச் சேர வேண்டும். அண்ணிதான் ஒரே பிடிவாதம். "ஒரு ஆள அனுப்பிட்டு வவுத்துல நெருப்பக் கட்டிகினு கெடந்தது போதும். இவ போவக் கூடாது!" என்றார். நேற்று கிழவர் பேசியதை அண்ணியும் பார்த்தார். கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைக் கயல்தான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

காலையில் கயல் பையை மாட்டினாள். அண்ணி தடுக்கவில்லை. வாசல்வரை வந்தார்.

"கோ அண்ணே நீ" என்றார்.

"நான் உனக்கு அண்ணனாம்மா?" என்று கயல் சிரித்தாள்.

"கம்முனு போடி" என்று சொல்லிவிட்டு அண்ணி அழுதார். நானும்தான்.

வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. உன் மகள் ஷிப்டுக்குப் போகிற நாளெல்லாம் சொல்வேன். லீவில் வீட்டில் கிடந்தாலும், எழுப்பிச் சொல்லிவிட்டு வருவேன்.

உன் கூடப் பிறந்த வாயாடி,
மலர்