மறுபடி வெளுத்த பால்

அன்பு நண்பா,

இன்று காலை இராஜபாளையம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என் வாய்ப்புண்ணுக்கு மெத்திலின் நீலம் தடவினார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் நாக்கெல்லாம் நீலம். சொல்லிச் சிரிக்க நீ இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் நாம் இருவரும் விஞ்ஞானம் நடத்திய நாட்கள் நினைவுக்கு வந்தன. விடுதிப் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. வன்னியம்பட்டியிலிருந்து பால் கொண்டுவரும் பேச்சியம்மாள்மேல் பழி விழுந்தது. மறுநாளோடு அவளை நிறுத்தப்போவதாக வார்டன் சொல்லிவிட்டார்.

"எங் குடத்துல குத்தமிருந்தா நானே நின்னுக்கிடுதேன். பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்றாள்.

நீ பார்த்தாய். அவள் குடத்திலிருந்து நேராக ஒரு குழாயில் பால் பிடித்தாய். அதே பாலை விடுதி அண்டாவில் ஊற்றியபின் இன்னொரு குழாயில். இரண்டிலும் இதே மெத்திலின் நீலம் ஒரு துளி விட்டு, தக்கையிட்டு, வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினாய். அண்டாப் பால் சீக்கிரமே வெளுத்தது; கிருமி மலிந்த பால்தான் அப்படி வெளுக்கும். குடத்துப் பால் நீலமாகவே நின்றது.

வார்டனுக்குக் காட்டும் அவசரத்தில் நான்தான் கெடுத்தேன். வெளுத்த குழாயின் தக்கையைத் திறந்து, நன்றாகக் குலுக்கிவிட்டேன். போன நீலம் திரும்பிவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?" என்றார் வார்டன்.

"என்ன சார், எம் பொழப்பையே குலுக்கிட்டியளே!" என்றாள் பேச்சியம்மாள்.

நீ பதறவில்லை. "ஏலே, தக்கையப் போட்டுத் திரும்பத் தண்ணிக்குள்ள வையி. உள்ள இருக்க என்சைம் எங்கயும் போயிரல."

காத்திருந்த நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வார்டனுக்கு விளக்கினாய். "செங்கல் கைமாத்துற சித்தாளை நெனச்சுக்கிடுங்க சார். பாக்டீரியா மூச்சு விடணும்னா, அதுக்குள்ள இருக்க என்சைம் பாலோட சத்துலருந்து ஹைட்ரஜனை எடுத்துக் கைமாத்தும். காத்து இருந்தா அது ஆக்சிஜனுக்குப் போய்ச் சேரும். காத்து தீந்துட்டா நம்ம நீலம் வாங்கிக்கிடும், வாங்கினதும் வெளுத்துரும். இவன் குலுக்குனதுல காத்து உள்ள போயி, நீலத்துக்கிட்டருந்து ஹைட்ரஜனைப் பறிச்சிட்டுது. செங்கல்தான் போகும் சார். கை அங்கனயே நிக்கும், அடுத்த கல்லுக்கு."

அண்டாப் பால் மறுபடி வெளுத்தது. குடத்துப் பால் அப்போதும் நீலம்தான். அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். விளிம்பு மடிப்பில் பழைய பாலாடை காய்ந்து ஒட்டியிருந்தது.

"இனி அண்டாவை மாத்துங்க, என்னை மாத்தாதிய" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள் பேச்சியம்மாள். மறுநாளும் வந்தாள்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வேண்டுமென்றே குழாயைக் குலுக்கினேன். "போச்சு சார்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நான் தக்கையைப் போட்டுத் தண்ணீரில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்காருவேன், உன்னைப்போல. ஒரு தடவைகூட அந்தப் பால் மறுபடி வெளுக்காமல் என்னைக் கைவிட்டதில்லை.