கால்மாட்டில் செருகிய போர்வை

என் அருமை நைனா,

நீ இருந்திருந்தால் ஆரணிக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போகக்கூடிய சேதி ஒன்று உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், ரத்தக்குழாய் அறுவைப் பிரிவுக்கு இப்போது நான்தான் தலைமை. மூத்தவர் மாற்றலாகிப் போக, பொறுப்பு என்னிடம் வந்தது. ஆனால் அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் நீ கட்டில் விரிக்கும் விதம் மாறவில்லை. துணியை இழுத்து, மெத்தைக்கு அடியில் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல் வைப்பாய். பொறுப்பேற்றதும் என் வார்டிலும் அப்படியே செய்யச் சொன்னேன். போர்வையையும் கால்மாட்டில் இறுக்கிச் செருகச் சொன்னேன். அந்த மனிதர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. நான் உள்ளே நுழைந்தால் படுத்தபடியே விறைப்பாவார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் கட்டிலுக்குக் கட்டில் ஒரே பதில்: "நல்லா கீறேம்மா." உன்னையே வரிசையாகப் படுக்கவைத்தது போல இருக்கும். அதில் மயங்கிப்போனேன்.

எங்களிடம் வருகிறவர்களுக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கும். பெரும்பாலும் பீடியால். முகத்தைப் பார்க்கும் முன் பாதத்தைப் பார்க்கவேண்டிய இடம் அது. அங்கே போய்ப் பாதங்களை மூடிவைத்தேன்.

கன்னியப்பன் பழவேற்காட்டுக்காரர். இடது தொடையில் அறுவை செய்து தேறிவந்தார். தினமும் தையலை மட்டும் பார்த்தோம். ஒரு காலை நாற்றம் வந்து போர்வையை உருவினால், வலது பாதத்தின் விரல்கள் கறுத்துக் கிடந்தன. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. எடுத்தவளும் நான்தான்.

"அவ்வளவு வலிச்சிருக்குமே, ஏன் சொல்லலை?" என்று பிறகு கேட்டேன்.

"ஆபீசர் ரவுண்டு வர்றப்போ வலிக்குதுன்னு சொல்லிப் பழக்கமில்லம்மா. வார்டே ஜம்முனு கீது. நான் ஒருத்தன் அவுத்துக் காட்டி அதைக் கெடுக்கறதா?"

பக்கத்துக் கட்டில்காரர் விடவில்லை. "ரீல் உடறான் டாக்டரம்மா. கும்மிடிப்பூண்டியில புதுசா கம்பெனி கட்றாங்களே, அதுல இவனுக்கு வாச்மேன் வேலை சொல்லி வச்சிக்கீறாங்க. கால் விஷயம் தெரிஞ்சா வேலை பூடும்னு மூடிக்கினு படுத்துகினு இருந்தான்."

"சும்மா கெடடா, பேஜாரு புடிச்சவனே."

"அவர் மறைச்சாலும் நான் பார்த்திருக்கணும். தப்பு என்னோடது" என்றேன்.

கன்னியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உடும்மா. இனிமே ஒத்தைச் செருப்புதான் தேயும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே என்னால் நிற்க முடியவில்லை. அவர் ஒரு முறை திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?

அன்றைக்கே எல்லாப் போர்வைகளையும் கால்மாட்டில் அவிழ்த்துவிடச் சொன்னேன். வார்டு இப்போது அலங்கோலமாகத்தான் இருக்கிறது. பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இத்தனை படித்தவளுக்கு இது தெரிய ஒரு மனிதனின் கால் போகவேண்டியிருந்தது.

நேற்று கன்னியப்பனிடம் எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "நல்லா கீறேம்மா." நான் அடுத்த கட்டிலுக்கு நகரவில்லை. மறுபடியும் கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "வலிக்குதும்மா" என்றார்.

அப்போது எனக்கு, பக்கத்து ஆரணியிலிருந்து நீ என்னை வண்டி ஏற்ற வந்த பொன்னேரி ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. என் பெட்டியைத் தூக்கி வந்த உன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "இன்னா நைனா, இப்டி வேர்க்குது?" என்றேன். "வெயிலு. ஜோரா கீறேன், நீ வண்டி ஏறு" என்றாய். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள், நம்பி ஏறிவிட்டேன். நான் விடுதிக்குப் போய்ச் சேரும் முன் உன் இதயம் நின்றுபோயிருந்தது. இன்னொரு முறை கேட்டிருந்தால், நீயும் சொல்லியிருப்பாயா?

மரக்கால் பொருத்தியதும் அந்தக் கம்பெனி வாசலுக்குக் கன்னியப்பனுடன் நானும் போவேன். வேலை கொடுப்பார்களா, தெரியாது. ஆனால் இது உறுதி: என் வார்டில் நல்லா இருக்கிறேன் என்று எவர் சொன்னாலும், பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் நகரமாட்டேன்.

வண்டி ஏறிவிட்ட உன் பெண்,
காமாட்சி