இரண்டு வாசல் வைத்த கடை

ஜூலை 4, வெள்ளி
கச்சான் காற்று. கண்ணெல்லாம் சீமெந்துத் தூசி. தகரம் இறக்க ஆள், தண்ணீர்த் தாங்கி ஓடர், இவருக்கு இருமல் மருந்து.

எங்கள் கணக்குப் பார்க்கும் நானா ஏறாவூரிலிருந்து வந்தார். முடிந்த மூன்று மாத விற்பனை வரி வரம்பான ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டதாம். "பதினைஞ்சாம் திகதிக்குள்ள வற் வரிக்குப் பதியணும் தங்கச்சி. கடை உங்கட பேரில, நீங்கதான் ஒப்பம் வைக்கணும்." வளவு அம்மா தந்த சீதனம். அதில் நிற்கும் ஹாட்வெயார் கடையும் என் பெயரில். பதினேழு வருடமாக மூட்டை தூக்குவது மட்டும் இவர்.

வரி சேர்ந்தால் விலை ஏறும். மேசன்மார் சந்திக் கடைக்குப் போய்விடுவார்கள். பயமாக இருக்கிறது.

6, ஞாயிறு
என் அண்ணன் ஒரு யோசனையோடு வந்தார். கடையைப் பிரிப்பதாம். பெயின்ற், பைப் என் பெயரில். சீமெந்து, கம்பி, ஆணி இவர் பெயரில். "ரெண்டும் வரம்புக்குக் கீழதானே வரும்?" எனக்கு மனம் ஒப்பவில்லை. இவர் உடனேயே ஒட்டுப்பலகை அறுக்கத் தொடங்கிவிட்டார். இந்தச் சுறுசுறுப்பைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

8, செவ்வாய்
கடைக்கு நடுவே பலகை அடித்தாயிற்று. இரண்டு வாசல், இரண்டு பில் புத்தகம். வந்த சனமெல்லாம் வெயிலில் இறங்கி மறுபக்கம் ஏறியது. ஒரு மேசன்: "என்னக்கா, ரெண்டு பேரும் கோவமா?"

பலகைக்கு அப்பாலிருந்து இவர்: "புள்ள, ஒண்டரை இஞ்சி ஆணி எங்க இரிக்கு?"

"அது உங்கட கடை. எனக்கென்ன தெரியும்?"

பெட்டிகளை உருட்டித் தேடும் சத்தம். பிறகு நானே போய் எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் இவர் இல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

9, புதன்
இவர் வாசலுக்கு மேலே பெயர்ப்பலகை. 'கணேசன் ஸ்டோர்ஸ்'. சிவப்பு எழுத்து, தன் கையாலேயே. படம் எடுத்து வெல்லாவெளியில் இருக்கும் தன் தங்கச்சிக்கு அனுப்பினார். அவள் உடனே அழைத்தாள். "அண்ணன், உங்கட கடையா?" இவர், "ஓம், என்ட கடைதான்." அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

அப்போதுதான் விளங்கிற்று. இவருக்கு விஷயம் வரியில்லை. இத்தனை வருடம் ஊருக்கு இவர் என் பெயரில் 'தயா கடை மாப்பிள்ளை'. ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

11, வெள்ளி
நானா வந்து பார்த்துச் சிரித்தார். "புருசன் பொஞ்சாதி பிரிச்சு வச்சாலும் ஒண்டாச் சேர்த்துத்தான் பார்ப்பாங்க தங்கச்சி. தண்டமும் வரும்." இவர் ஏணியை வைத்துத் தன் பெயரைக் கழற்றினார். மத்தியானம் இவர் சாப்பாட்டில் பாதி கோழிக்கு.

14, திங்கள்
மேகமூட்டம். மழையில்லை. நானா வற் படிவத்தோடு வந்தார், ஒப்பம் வைத்தேன். பிறகு கேட்டேன், இவரைப் பங்காளராகச் சேர்க்க முடியாதா என்று.

"முடியும். பிரதேச செயலகத்தில வேற படிவம். பிறகு வற் பதிவையும் மாத்தணும். அலைச்சல்."

"அலைவம் நானா. இவர்ட பேர முதல்ல போடுங்க."

இவர் கம்பி எண்ணுவதை நிறுத்தினார். "மாமி என்ன சொல்லுவா?"

"அம்மாட்ட நான் கதைக்கிறன்."

வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். என்னைப் பார்க்காமல், "இனி விலை கூடினா என்னையும் பேர் சொல்லி ஏசுவாங்க, புள்ள" என்றார். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை மனுசனுக்கு.