சாந்தினியின் ஊசி

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்
வெள்ளவத்தை

காலையில் எழுந்ததும், வழியில் ஆமிக்காரர் மறித்தால் காட்டக் கைப்பைக்குள் அடையாள அட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

என்னிடம் படிக்கும் பல் மருத்துவ மாணவி சாந்தினிக்கு அடுத்த வாரம் செய்முறைச் சோதனை. இன்றும் பல் பிடுங்குமுன் தாடை மரத்துப்போக விறைப்பூசி போடும்போது அவள் கை நடுங்கியது. வழக்கம்போல ஊசியை வாங்கி நானே நோயாளிக்குப் போட்டேன்.

"நீங்களே வாங்கிப் போட்டால் நான் எப்ப மேடம் பழகுறது?" என்று கேட்டுவிட்டாள்.

"செத்தாயடி" என்று பக்கத்தில் நின்றவள் முணுமுணுத்தாள்.

முதலில் சுருக்கென்றது. ஆனால் இத்தனை வருடம் படிப்பித்ததில் இதை என் முகத்துக்கு நேரே சொன்னது இவள் மட்டும்தான். நல்லகாலம், சொன்னாள். மனதுக்குள் அவளைக் கும்பிட்டேன்.

வீட்டில் என் கணவருக்கும் இதை இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு நோயாளியின் கதிரையில் நான் உட்காரப்போகிறேன். சாந்தினி என் தாடையில் போட்டுப் பழகட்டும். அவள் நடுங்கினாலும் கையைப் பிடிக்கமாட்டேன்.