கமலாக்காவின் தோட்டத்து மண்

2005 பெப்ரவரி 11, வெள்ளி. புளியங்கூடல்.

கமலாக்காவின் புகையிலைத் தோட்டத்திலும் வேர்முடிச்சுப் புழு இருக்கிறதாம். நான் எடுத்துக் கண்டிக்கு அனுப்பிய மண்ணின் பரிசோதனை முடிவு இன்று எங்கள் விவசாயக் கந்தோருக்கு வந்தது. இந்தப் புதுப் பரிசோதனை புழுவைக் கண்ணால் தேடுவதில்லை, அதன் மரபணுவைத் தேடுகிறது. துளி இருந்தாலும் ஒரே நாளில் காட்டிவிடும்.

பக்கத்துச் செல்லையா அண்ணையின் தோட்டத்தில் புழு இருப்பது தெரிந்ததுதான். ஆனால் அக்காவின் கன்றுகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. பிடுங்கிப் பார்த்த வேரில் ஒரு முடிச்சும் இல்லை. அங்கிருந்து நாற்று எடுக்கக் கூடாதென்று நான் சொல்லியிருந்தும், அக்கா செல்லையா அண்ணையிடம் கள்ளமாக வாங்கி நட்டிருப்பார் என்று நினைத்தேன். பின்னேரம் போய் நேரே கேட்டேன்.

"என்ரை நாற்று நான் போட்டது, பிள்ளை. அந்தத் தோட்டத்து மண் ஒரு பிடியும் என்ரை வேலிக்குள்ளை வரேல்லை," என்றார்.

நான் நம்பவில்லை. திரும்பத் திரும்பத் துருவினேன். அவர் கோபிக்காமல் கேட்டார்: "மண் எடுத்த அண்டைக்கு நீர் அங்கையிருந்துதானே இஞ்சை வந்தனீர்?"

ஓம். அங்கே கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல்தான் இங்கும் கொத்தினேன். அதில் ஒட்டியிருந்த மண்தான் பரிசோதனையில் காட்டியிருக்கிறது. முடிவு பிழையென்று நாளைக்கே எழுதிவிடலாம்.

ஆனால் கொத்தி முடிந்ததும் அக்காவின் கிணற்றடியில்தான் மண்வெட்டியைக் கழுவினேன். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கன்றுகளுக்குப் போனதை நின்று பார்த்தேனே.